உளவாளிக் காமெடி வருது, போகலாமா? சேலத்து நண்பர்கள் கேட்ட கேள்விகள்

அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் எட்டுப் பத்துப் பேர் கூடுவோம். பேச்சு முழுக்க சினிமாதான். போன மாதம் ஒரு புது உளவாளிக் காமெடியின் டிரெய்லர் வந்ததிலிருந்து கூட்டம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பாதி முதல் நாளே போயாக வேண்டும் என்கிறது. மறுபாதி டிக்கெட் எடுத்துக் கொடுத்தாலும் வரமாட்டேன் என்கிறது. வாட்ஸ்அப்பிலும் நேரிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். படத்தின் பெயரைப் போடவில்லை, இன்னும் வெளிவராத படம். நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த வகையில் எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்.

ஸ்பூஃப் என்கிறார்களே, சாதாரண காமெடிப் படத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

காமெடிப் படம் நம் வீட்டையும் தெருவையும் பார்த்துச் சிரிக்கும். ஸ்பூஃப் இன்னொரு வகை சினிமாவைப் பார்த்துச் சிரிக்கும். பகடி என்று நமக்கு நல்ல சொல்லே இருக்கிறது. ஜீப் வெடிக்கிறது, ஹீரோ திரும்பிப் பார்க்காமல் நடந்து வருகிறார். இது ஆக்‌ஷன் படம். அதே காட்சியில் பின்னாலிருந்து ஒருவர் ஓடிவந்து, “சார், வெடிச்சது உங்க ஜீப்புங்க, வீட்டுக்கு எப்படிப் போவீங்க?” என்று கேட்டால் அது ஸ்பூஃப். முதல் காட்சியை நாம் நூறு தடவை பார்த்திருப்பதால்தான் இரண்டாவது சிரிப்பைத் தருகிறது.

எத்தனையோ வகைப் படங்கள் இருக்க, உளவாளிப் படத்தையே ஏன் பிடித்துக் கிண்டல் செய்கிறார்கள்?

உளவாளிப் படம் அளவுக்கு விறைப்பாக நிற்கும் வகை வேறு கிடையாது என்பதால். கோட்டு கசங்காது, தலை கலையாது. வில்லன் கொல்வதற்கு முன்னால் தன் திட்டம் முழுவதையும் விளக்கமாகச் சொல்லுவான். குண்டு வெடிக்க மூன்று நொடி இருக்கும்போது சிவப்பு ஒயரா பச்சை ஒயரா என்று யோசனை. எல்லாவற்றையும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் செய்வார்கள். விறைப்பாக நடப்பவர் வாழைப்பழத் தோலில் வழுக்கினால்தானே நமக்குச் சிரிப்பு வருகிறது?

உலகத்துக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. முதல் ஜேம்ஸ்பாண்ட் படம் 1962-ல் வந்தது. மூன்றே வருஷத்தில், 1965-ல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘கெட் ஸ்மார்ட்’ தொடர் தொடங்கிவிட்டது. அந்த உளவாளி ஷூவைக் கழற்றிக் காதில் வைத்து போன் பேசுவார். 1970 வரை ஓடியது. 1967-ல் பாண்ட் கதையையே எடுத்து ‘கேசினோ ராயல்’ என்று ஒரு பகடிப் படம் செய்தார்கள். ஐந்து இயக்குநர்கள் பெயர் போட்ட படம் அது. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் கதை எங்கே போகிறது என்றே பிடிபடாது. நல்ல நடிகர்களும் பணமும் இருந்தும் இந்த வகைப் படம் எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு இன்றைக்கும் நான் காட்டும் உதாரணம் அதுதான்.

இதில் சேலத்துக்காரர்களுக்கு என்ன தனி அக்கறை?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகிற சாலையில் ஒரு நுழைவாயில் வளைவு நிற்கிறதே, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அதற்குப் பின்னால் ஒரு காலத்தில் முழு ஸ்டுடியோவே இருந்தது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாகியிருக்கின்றன. மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ 1938-ல் இங்கேதான் எடுக்கப்பட்டது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. இதெல்லாம் பலருக்கும் தெரியும்.

பலர் மறந்தது வேறு. சுந்தரம் 1963-ல் காலமான பிறகு அவருடைய மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்தார். 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’, 1970-ல் ‘சி.ஐ.டி. சங்கர்’. ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று பெயர் வந்ததில் எங்கள் ஊர் ஸ்டுடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ் உளவாளி கோட்டு மாட்டிக்கொண்டு காரில் ஏறிய இடங்களில் ஒன்று இந்த மலையடிவாரம்.

இப்போது ஒரு சங்கிலியைச் சொல்கிறேன், எனக்கு இதில் தீராத ஆச்சரியம். பிரான்ஸில் ழான் புரூஸ் என்ற எழுத்தாளர் 1949-லேயே ஓஎஸ்எஸ் 117 என்ற உளவாளியை உருவாக்கிவிட்டார். ஜேம்ஸ்பாண்டின் முதல் நாவல் 1953-ல்தான் வருகிறது. அந்த 117-ஐ வைத்து 1964-ல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தைத் தழுவித்தான் நம்முடைய ‘வல்லவன் ஒருவன்’ எடுக்கப்பட்டது. நாற்பது வருஷம் கழித்து 2006-ல் பிரெஞ்சுக்காரர்களே அதே 117-ஐ எடுத்து ஒரு பகடிப் படம் செய்தார்கள். இயக்குநர் மிஷெல் ஹஸனாவிசியஸ், நாயகன் ழான் துஜார்தான். அதே ஜோடிதான் 2011-ல் ‘தி ஆர்ட்டிஸ்ட்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைச் செய்தது. சிறந்த படம், இயக்குநர், நடிகர் உட்பட ஐந்து ஆஸ்கரை அந்தப் படம் வாங்கியது.

ஆக, ஒரே மூலத்திலிருந்து சேலம் ஒரு உண்மையான உளவாளிப் படத்தை எடுத்தது, அந்த மூலத்துக்குச் சொந்தக்காரர்கள் பின்னாளில் பகடி எடுத்தார்கள். தமிழில் உளவாளிப் பகடி வருகிறது என்றால் முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான் என்று நான் நினைப்பது இதனால்தான்.

பழைய ஹீரோக்களைக் கேவலப்படுத்தி விடுவார்களோ என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்களே?

நியாயமான கவலை. எங்கள் சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சின்னப் பையனாக ஸ்டுடியோ வாசலில் ஷூட்டிங் கார் வருமா என்று காத்து நின்றவர். அவரிடம் டிரெய்லரைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கையில் வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஹீரோ துப்பாக்கியை எடுக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். “இவன் துப்பாக்கியைப் பிடிக்கிறதைப் பாரு தம்பி. ஜெய் இப்படித்தான், கையை இடுப்போட ஒட்டி வெச்சுக்குவாரு. இந்தப் பையன் கவனிச்சுப் பார்த்திருக்கான்” என்றார். அப்புறம் அடுத்த காட்சியில் துப்பாக்கியிலிருந்து தண்ணீர் பீய்ச்சியபோது அவர் சிரிக்கவில்லை. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இது சின்னப் பசங்க வெளையாட்டு” என்றார்.

இரண்டு காட்சிக்குள் அவர் ஒரு முழு விமர்சனம் சொல்லிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. கவனித்துப் பார்த்து, அதன் அழகு தெரிந்து செய்கிற கிண்டல் மரியாதையின் இன்னொரு வடிவம். 2010-ல் வந்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ நம் பழைய கௌபாய் படங்களைப் பகடி செய்தது. அதில் ஹீரோவின் ஊருக்கே ஜெய்சங்கர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து யாரும் கோபப்படவில்லை. பழசு என்பதாலேயே சிரிப்புக்குரியது என்று நினைத்து எடுத்தால்தான் கோபம் வரும், வரத்தான் வேண்டும். அன்றைக்கு அவர்களிடம் இருந்த வசதிகளை வைத்து அந்தச் சண்டைகளையும் கார் துரத்தல்களையும் எடுத்தது சாதாரண வேலை கிடையாது.

பழைய படங்களே பார்க்காத என் தம்பிக்கு இது புரியுமா?

புரியும். ஜெய்சங்கர் படம் பார்க்காவிட்டாலும் உளவாளிப் படத்தின் டெம்ப்ளேட் அவனுக்கு அத்துபடி. 1986-ல் வந்த ‘விக்ரம்’ இல்லையென்றால் 2013-ல் வந்த ‘விஸ்வரூபம்’, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலப் படங்கள் என்று ஏதோ ஒரு வழியில் உள்ளே போயிருக்கும். ஒரு குறிப்பிட்ட படத்தின் குறிப்பிட்ட வசனத்தை நம்பி நிற்கும் ஜோக்குகள் மட்டும் அவனைத் தாண்டிப் போகும். படம் முழுக்க அப்படிப்பட்ட ரெஃபரன்ஸாகவே இருந்தால், தப்பு உங்கள் தம்பி மேல் இல்லை.

டிரெய்லரைப் பார்த்துப் பாதிப் பேர் மொக்கை என்கிறார்கள், பாதிப் பேர் செம என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு தரப்பும் ஒரே டிரெய்லரில் வேறு வேறு ஜோக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். நான் ஆறேழு முறை பார்த்துவிட்டேன்.

எனக்குப் பிடித்தது இது. வில்லன் வீட்டுக்குள் நுழைந்த ஹீரோ திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிகிறார். கீழே இரண்டு ஷூவும் பளிச்சென்று வெளியே தெரிகின்றன. வீடு பெருக்கும் அம்மா வருகிறார். பெருக்கிக்கொண்டே வந்து, “காலைத் தூக்குங்க சார்” என்கிறார். திரைச்சீலைக்குக் கீழே ஒரு கால் மெதுவாகத் தூக்கிக்கொள்கிறது. பெருக்குகிறார். அந்தக் கால் இறங்கி மற்றக் கால் தூக்குகிறது. அவர் போய்விடுகிறார். உள்ளேயிருந்து ஹீரோவின் மூச்சுவிடும் சத்தம், தப்பித்துவிட்டோம் என்கிற நிம்மதியோடு.

அந்தக் காட்சியில் ஹீரோ காமெடி பண்ணவே இல்லை. தான் ஒளிந்திருப்பதாக முழுசாக நம்புகிறார். அந்த அம்மாவும் சிரிக்கவில்லை, அவருக்குப் பெருக்கி முடித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். உளவாளிப் பகடி ஜெயிப்பது இப்படித்தான். படத்துக்குள் இருக்கும் யாருக்கும் தான் காமெடிப் படத்தில் இருக்கிறோம் என்று தெரியக் கூடாது.

அதே டிரெய்லரில் முப்பது நொடி கழித்து ஹீரோ கேமராவைப் பார்த்து ஒரு பெரிய நடிகரின் பஞ்ச் டயலாக்கை அவர் குரலிலேயே பேசுகிறார். அதற்கு மிமிக்ரி மேடை போதும். வரமாட்டேன் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் காட்டுகிறார்கள், அவர்கள் சொல்வதும் சரிதான். முதல் வகை ஜோக் படத்தில் எத்தனை, இரண்டாவது வகை எத்தனை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்றையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். காமெடிக்கு டிரெய்லர் வெட்டுவது கஷ்டமான வேலை. சண்டையை இரண்டு நொடி காட்டினாலும் விறுவிறுப்பு வந்துவிடும். சிரிப்புக்கு முன்னால் கொஞ்சம் மௌனம் வேண்டும், டிரெய்லரில் அந்த மௌனத்துக்கு இடம் கிடையாது.

தமிழில் ஸ்பூஃப் இதுவரை ஓடியிருக்கிறதா?

ஓடியிருக்கிறது. 2006-ல் சிம்புதேவன் இயக்கத்தில் வடிவேலு இரட்டை வேடத்தில் நடித்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ பழைய ராஜா ராணிப் படங்களைப் பகடி செய்து பெரிய வெற்றி பெற்றது. 2010-ல் சி.எஸ்.அமுதன் இயக்கி சிவா நடித்த ‘தமிழ்ப் படம்’ நம்முடைய ஹீரோ படங்களின் அத்தனை வழக்கங்களையும் வரிசையாக எடுத்துக்கொண்டது. 2018-ல் அதன் இரண்டாம் பாகமும் வந்தது. சிவாவின் முகத்தைக் கவனியுங்கள், எந்த அபத்தத்தைச் செய்யும்போதும் அது அசையாது. உளவாளியை மட்டும் எடுத்துக்கொண்டு முழுநீளப் பகடி செய்வது நமக்கு அவ்வளவாகப் பழகாத களம். அதனால்தான் எனக்கு ஆவலும் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

இந்த வகைப் படங்கள் இடைவேளைக்கு அப்புறம் ஏன் தொய்ந்து விடுகின்றன?

எங்கள் டீக்கடையில் அதிகம் சண்டை போட்ட கேள்வி இதுதான்.

முதல் பாதியில் டெம்ப்ளேட்டுகள் புதிதாக இருக்கும். அறிமுகக் காட்சி, ரகசிய அலுவலகம், கருவிகள் கொடுக்கும் விஞ்ஞானி, மாறுவேடம், விருந்தில் வில்லனைச் சந்திப்பது என்று ஒவ்வொன்றையும் கிண்டல் செய்துகொண்டே போகலாம். இடைவேளையில் எல்லாம் தீர்ந்துவிடும். அதற்கு மேல் படத்தை இழுத்துப் போகக் கதை வேண்டும். ஸ்பூஃப் எழுதுகிறவர்கள் பலர் கதை எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். நாட்டைக் காப்பாற்றுகிற ஃபைல் ஒன்று தொலைந்திருக்கிறது என்றால், அந்த ஃபைல் கிடைக்குமா என்று எனக்கு ஒரு ஓரத்திலாவது பதைப்பு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஜோக்குகள் மாலையாகாமல் உதிரிப் பூவாகக் கிடக்கும்.

நான் மேலே சொன்ன 2006 பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள். கதை 1955-ல் கெய்ரோவில் நடக்கிறது. வெளிச்சம், உடை, கார் ஓடும்போது கண்ணாடிக்குப் பின்னால் திரையில் ஓடும் சாலை என்று எல்லாவற்றையும் பழைய படம் மாதிரியே அக்கறையாகச் செய்திருப்பார்கள். சிரிப்பை எல்லாம் வடிகட்டிவிட்டாலும் ஒரு உளவாளிப் படம் மிச்சமிருக்கும். நம் படத்திலும் அப்படி ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பதுதான் என் ஆசை. டிரெய்லரில் ஒளிப்பதிவும் பின்னணி இசையும் அந்த நம்பிக்கையைத் தருகின்றன. டிரம்பெட்டும் போங்கோவும் வரும் இடம் வேதாவின் இசையை ஞாபகப்படுத்தியது. ‘வல்லவன் ஒருவ’னில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய ‘பளிங்கினால் ஒரு மாளிகை’க்கு இசையமைத்தாரே, அதே வேதாதான்.

ரீல்ஸும் மீமும் தினமும் இதைத்தானே செய்கின்றன? இரண்டரை மணி நேரம் எதற்கு?

ரீல்ஸில் ஒரு ஜோக் இருக்கும், ஒரு ஆள் இருக்கமாட்டார். ஆளைப் பிடித்துவிட்டால் நேரம் போவது தெரியாது. ‘ஜானி இங்கிலிஷ்’ உளவாளி பிறந்ததே ஒரு கிரெடிட் கார்டு விளம்பரத்தில் ரோவன் அட்கின்சன் செய்த பாத்திரத்திலிருந்துதான். ஒரு நிமிஷ விளம்பரம் 2003, 2011, 2018 என்று மூன்று படங்களாக வளர்ந்தது. ஆனால் இரண்டரை மணி நேரம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மணிக்குள் முடித்தால் கும்பிடுவேன்.

ஏற்காட்டில் ஒரு காட்சி எடுத்திருப்பதாகப் பேசிக்கொள்கிறார்களே?

டிரெய்லரில் வரும் மலைச்சாலை ஏற்காடுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சில்வர் ஓக் மரமும் காபிச் செடியும் வேறு மலைகளிலும் உண்டு. எங்கள் குழுவில் ஒருவர் மட்டும் அந்தத் தடுப்புச் சுவரைப் பார்த்துவிட்டு, சேலம் பக்கத்து வழிதான் என்று சத்தியம் செய்கிறார்.

எடுத்திருந்தால் நன்றாக இருக்கும் என்பேன். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது வழக்கம், விதியும் அதுதான். இதை வைத்து எங்கள் குழுவில் ஒரு காட்சி யோசித்தோம். வில்லனைத் துரத்திக்கொண்டு ஹீரோ கீழே இறங்குகிறார். எட்டாவது வளைவில் அரசுப் பேருந்து ஏறி வருகிறது. வில்லன் ஓரமாக நிறுத்தி வழிவிடுகிறான். பின்னால் ஹீரோவும் நிறுத்துகிறார். பேருந்துக்குப் பின்னாலேயே பலாப்பழ லாரி, அதன் பின்னால் கல்லூரிப் பசங்களின் பைக் வரிசை. இரண்டு பேரும் காரில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். யாரும் விதியை மீறவில்லை. இந்தப் பாதையில் வண்டி ஓட்டிய எவரும் இதற்குச் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊர் உளவாளியை நம் ஊர் ரோட்டில் ஓடவிட வேண்டும். லண்டனில் எடுத்த ஜோக்கைத் தமிழில் பேசினால் மட்டும் போதாது.

குழந்தைகளோடு போகலாமா?

சான்றிதழைப் பாருங்கள். இப்போது யு/ஏ-வுக்குள்ளேயே 7+, 13+, 16+ என்று பிரித்துப் போடுகிறார்கள். 7+ என்றால் தாராளமாகப் போகலாம். 16+ என்றால் வசனத்தில் இரட்டை அர்த்தம் இருக்கக்கூடும், பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

முதல் நாளே போகவேண்டுமா, ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாமா?

காமெடியைக் கூட்டத்தோடு பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பது நமக்கும் தொற்றும். முதல் நாள் முதல் காட்சி மட்டும் வேண்டாம் என்பேன், விசில் சத்தத்தில் பாதி வசனம் கேட்காது. சனிக்கிழமை மேட்னி சரியாக இருக்கும். முடிந்ததும் தட்டுவடை செட் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடவும் நேரம் கிடைக்கும்.

போவதற்கு முன் ஏதாவது பார்க்க வேண்டுமா?

கட்டாயம் எதுவும் இல்லை. நேரம் இருந்தால் ‘வல்லவன் ஒருவன்’ பாருங்கள், கிண்டல் செய்வதற்காக இல்லாமல் நிஜமாகவே பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் எந்தப் பக்கம்?

போகிற பக்கம். சனிக்கிழமை மேட்னிக்கு ஒன்பது டிக்கெட் சொல்லி வைத்திருக்கிறேன். வரமாட்டேன் என்றவர்களில் இரண்டு பேர் இப்போது வருகிறார்கள், இடைவேளையில் எழுந்து போக உரிமை உண்டு என்ற நிபந்தனையோடு. சித்தப்பாவும் வருகிறார். படி ஏற முடியாது, கீழ் வரிசையில் ஓர சீட்டாகப் பார்த்து எடு என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெருக்கும் அம்மா வரும் காட்சியை அவருக்கு நான் இன்னும் காட்டவில்லை, தியேட்டரிலேயே பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.